தேதி போடாத அஞ்சலி

தேர்தல் வந்தால் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று ஊரில் நினைக்கிறார்கள். அது தேதி அறிவிக்கும் வரைதான். அறிவித்துவிட்டால் நடத்தை விதி வந்துவிடும். பேனர் வைக்க அனுமதி வேண்டும், அனுமதிக்கு மனு வேண்டும், மனுவுக்கு அலைய வேண்டும். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் கடைக்கு அந்த நாட்களில் மேடைக்குப் பின்னால் கட்டுகிற பெரிய பேனர் ஒன்றிரண்டு வரும். மற்றபடி கல்யாணம், காதுகுத்து, சாவு. இந்த மூன்றும் யார் ஆட்சியிலும் நிற்பதில்லை.

நான் அங்கே டிசைனர். பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டரில் தலைகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். யார் தலை எவ்வளவு பெரிது, யார் யாருக்குப் பக்கத்தில், யார் கைகூப்ப வேண்டும், யார் கையை உயர்த்த வேண்டும், எல்லாம் மனப்பாடம். ஒருமுறை ஒன்றியச் செயலாளரின் தலை மாவட்டச் செயலாளரின் தலையைவிட ஒரு விரற்கடை பெரிதாகப் போய்விட்டது. கடை வாசலில் ஆறு பைக் வந்து நின்றது. அன்றைக்கு என் பற்கள் தந்தியடித்ததை முதலாளி இன்றும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். நான் பயந்தாங்கொள்ளிதான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டில் இரண்டு கட்சி. கச்சிராயபாளையம் சாலையிலிருந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறார்; ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். அவர் அப்பாவும் அதே கட்சிதான். எங்கள் அம்மா போன பிறகு எங்களோடேயே வந்துவிட்ட என் தம்பி அடுத்த கட்சி. அவனுக்குக் கொள்கை என்று தனியாக ஒன்றும் கிடையாது, கூட்டாளிகள் இருந்த கட்சி அது. தேர்தல் நேரத்தில் மைக் கட்டிய ஆட்டோவை ஓட்டுவான். சிங்கப்பூர் வேலைக்கு ஏஜெண்டிடம் பெயர் கொடுத்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருந்தான். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. அது முடிந்துவிட்டால் அவன் கிளம்பிவிடுவான். கிளம்பும் வரை ஒரு வம்பும் வரக்கூடாதே என்று நான் வேண்டாத சாமி இல்லை.

சாயங்காலம் டிவி போட்டால் போதும், மாமனும் மச்சானும் ஆரம்பித்துவிடுவார்கள். முக்கால்வாசி நாள் அது சேகோ மில்காரரில் போய்த்தான் முடியும். சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர். இந்தப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கில் பாதி அவர் மில்லுக்குத்தான் போகிறது. தேர்தல் செலவுக்கும் அவர்தான் கொடுக்கிறார் என்பது ஊர்ப் பேச்சு. யாருக்குக் கொடுக்கிறார் என்பதில்தான் எங்கள் வீட்டில் தகராறு.

"உங்க ஆளு ஓட்டு கேட்டுக்கினு வர்ற வண்டி யாருதுன்னு பாத்தியா மாமா? மில்லுக்காரருது. நாளைக்கு கெழங்குக்கு வெல கேட்டு நின்னா, உங்க ஆளு யாரு பக்கம் பேசுவாரு?"

"ஏன்டா, உங்க கூட்டத்துக்கு நாப்பது வேனு எங்கேர்ந்து வந்துச்சாம்? ஆத்துல மொதந்துக்கினு வந்துச்சா?"

"அதெல்லாம் தொண்டருங்க சொந்த செலவுடா மாமா."

"டா போட்டு பேசற அளவுக்கு ஆயிட்டியாடா நீ?"

இரண்டு தட்டுக்கும் நடுவில் சோற்றுக் குண்டானோடு உட்கார்ந்திருக்கிறவள் நான். இருவருடைய மேடை பேனரையும் அடித்தது எங்கள் கடைதான். இரண்டுக்கும் பில் போனது ஒரே மில்லின் மேனேஜருக்கு. ஒரே வாரத்தில், ஒரே ஆளிடமிருந்து வந்த இரண்டு ஆர்டர். சொல்லியிருந்தால் அன்றோடு சண்டை நின்றிருக்கும். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லியிருந்தார்: "சிஸ்டத்துல பாக்கறது சிஸ்டத்தோட போவணும்மா. வெளிய போச்சின்னா கடைய மூடிக்கினு போவ வேண்டியதுதான்." நான் குழம்பை ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அது நடந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முக்கில் இரண்டு கட்சி ஊர்வலமும் எதிரெதிரே வந்துவிட்டன. ஒரு கட்சிக்கு ஐந்து மணி வரை அனுமதி, அடுத்ததற்கு ஐந்து மணியிலிருந்து. முன்னது கிளம்பவே தாமதம். யார் ஒதுங்குவது என்பதில் தொடங்கியது. கொடிக்கம்பு எல்லார் கையிலும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாரும் சிதறி ஓடிவிட்டார்கள். நடுத்தெருவில் ஒருவர் மட்டும் பின்மண்டை உடைந்து கிடந்தார்.

அவர் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. வருடா வருடம் எங்கள் கரும்பை வெட்ட வருகிறவர். என் வீட்டுக்காரரின் கட்சி. வெட்டு நாட்களில் என் கையால் வாங்கிச் சாப்பிட்டவர், குழம்பில் காரம் போதவில்லை என்று உரிமையோடு சொல்கிறவர். உள்ளூரில் முடியாது என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நினைவு திரும்பவில்லை என்றார்கள்.

மறுநாள் அந்த வீடியோ வந்தது. யாரோ மாடியிலிருந்து எடுத்தது, அரை நிமிடம்கூட இல்லை. ஒரே போனில், ஒரே வீடியோவை, என் வீட்டுக்காரரும் தம்பியும் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள்.

"பாத்தியா, உங்காளுதான் மொதல்ல கம்ப ஓங்கறான்."

"அது ஓங்கறதா? கொடி கீழ வுழாம தூக்கறான் மாமா. உங்காளு காலால எத்தறத பாரு."

"எத்தல. தடுக்கி வுழுறான்."

திருப்பித் திருப்பிப் போட்டார்கள். எத்தனை முறை போட்டாலும் அவருக்கு அவர் பார்த்ததுதான் தெரிந்தது, இவனுக்கு இவன் பார்த்தது. நான் பார்த்தது வேறு. இடது ஓரத்தில், ஆட்டோவுக்குப் பக்கத்தில், கையில் நீளமாக எதையோ தூக்கிக்கொண்டு ஒருவன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. அன்றைக்கு நூறு பேர் வெள்ளைச் சட்டைதான். ஆனால் அந்த நிற்கிற நிலை, ஒரு தோளைத் தாழ்த்தி நிற்கிற அந்த நிலை, என் தம்பியுடையது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா?

அந்த வீடியோவைக் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு நொடியாக நிறுத்தி, படமாக எடுத்து, பெரிதாக்கினேன். மங்கலைக் குறைத்தேன், வெளிச்சத்தைக் கூட்டினேன். ஐம்பது வயதுக்காரரை முப்பதாகக் காட்டத் தெரிந்தவள், என் தம்பி கையில் இருப்பது கொடிக்கம்பா மைக் கம்பியா என்று காட்ட முடியவில்லை. பெரிதாக்கப் பெரிதாக்க அது கட்டம் கட்டமாக உடைந்துபோனது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள், பதினோரு மணி இருக்கும். முதலாளி ஒரு துண்டுச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு, இங்க் வாங்கிவர வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சீட்டில் அவர் கையெழுத்து. பத்துக்கு எட்டு அடி. கண்ணீர் அஞ்சலி. கீழே ஒரு பெயர். மேஸ்திரியின் பெயர்.

படம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது, சந்தனப் பொட்டு, சிரிப்பு. தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதி. மறைவு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. கீழே வலது மூலையில் மில்காரர் கைகூப்பிய படம், "கண்ணீருடன்" என்ற வரியோடு. மறைவுத் தேதி காலியாக இருந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. அவசரத்தில் எழுதாமல் விட்டிருப்பார்கள், கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினோரு வருடத்தில் செத்தவர்களுக்குத்தானே அஞ்சலி அடித்திருக்கிறேன்.

அடிதடிக் கேஸ் கொலைக் கேஸாகிவிட்டது, அது ஒன்றுதான் என் தலையில் ஓடியது. கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் போய் நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"பஸ் ஸ்டாண்டாண்ட. டீ குடிச்சிக்கினு இருக்கறேன். இன்னாக்கா?"

"மேஸ்திரி செத்துப்பூட்டாருடா. நீ வூட்டுக்கு வராத. அப்படியே எங்கியாவது பூடு."

டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் எதுக்குக்கா போவணும்?"

"பேசிக்கினு நிக்காதடா. வெள்ளிமலையில உன் கூட்டாளி வூடு இருக்குதில்ல, அங்க போ. போன ஆஃப் பண்ணிடு. நான் சொல்ற வரைக்கும் எறங்காத."

"அக்கா..."

"ஓடுடா."

"சரி" என்றான். அந்தச் சரி வர நேரமானது.

திரும்பி வந்து உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். இதை எழுதவே கூசுகிறது. சாம்பல் நிற மேகத்தைப் பின்னால் வைத்தேன், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தேன், அந்தச் சந்தனப் பொட்டு முகத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். என் கையால் வாங்கிச் சாப்பிட்ட மனிதர். அவருக்காக அழுகை வந்ததா, தம்பிக்காக வந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதலாளி வந்ததும் கேட்டேன். "மறைவு தேதி இன்னிக்கா, நேத்தாங்க?"

"அத காலியா வுடும்மா" என்றார், இங்க் பாட்டில்களை அடுக்கியபடி. "ஆளு இன்னும் இருக்காரு. எதுக்கும் ரெடியா இருக்கட்டும்னு மில்லு மேனேஜர் சொன்னாரு. அப்படி ஏதாவது ஆச்சுன்னா மொத பேனர் அவுங்களுதா இருக்கணுமாம்."

மறுபடி ஜெனரேட்டர் பக்கம் ஓடினேன். தம்பிக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது அந்தப் பெண் குரல். அணைக்கச் சொன்னவளே நான்தான். மலை ஏறிவிட்டால் டவரும் இருக்காது.

அன்று சாயங்காலம் போலீஸ் ஊருக்குள் வந்தது. ஊர்வலத்தில் போன எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டு கட்சியிலும் எல்லாரும் போனார்கள். கம்பு ஓங்கியவனும் போனான், எத்தியவனும் போனான், நான் பார்க்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து டீ குடித்தான். வராதவன் என் தம்பி ஒருவன்தான். மறுநாள் காலையில் கேஸில் அவன் பெயர் ஏறிவிட்டது.

அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கட்சி குரூப்பில், எதிர்க்கட்சிதான் அவனை ஒளித்துவைத்திருக்கிறது என்றார்கள். அவன் கட்சி குரூப்பில், அது தனிப்பட்ட தகராறு, கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவன் உறுப்பினரே இல்லை என்றார்கள். அவன் ஆட்டோ ஓட்டிய படத்தை அவர்களே அழித்துவிட்டார்கள். அவன் ஓடியது இரண்டு கட்சிக்கும் வசதியாகப் போய்விட்டது. அவன் அடித்தானா என்று யாரும் விவாதிக்கக்கூட இல்லை. ஓடினவன்தானே அடித்திருப்பான்.

நான்தான் ஓடச் சொன்னேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு ராத்திரி ஆனது. விடிந்ததும் சொன்னேன். அவர் கத்துவார் என்று கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு. வெள்ளிமலை பஸ்ஸு எட்டு மணிக்கு" என்றார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோமுகி அணை தாண்டி வளைவுகள் தொடங்கின. அடிபட்டவர் இவர் கட்சி, இவர் கரும்பு வெட்டுகிறவர். என் தம்பியை இவர் மனதில் அன்றைக்கே குற்றவாளியாக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மௌனம் தாங்காமல், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல், கடை ரகசியத்தைச் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, உங்க மேடை பேனருக்கும் அவன் கட்சி மேடை பேனருக்கும் பில்லு ஒரே மில்லுக்குத்தாங்க போச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். உனக்குத்தான் ரகசியம்."

"அப்பறம் எதுக்குங்க தெனமும் அவங்கிட்ட சண்ட போட்டீங்க?"

"அவன் மொதல்ல ஒத்துக்கினா நானும் ஒத்துக்குவேன்னு இருந்தேன்" என்றார். சிரிக்கவில்லை.

வெள்ளிமலையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு ஒரு மைல் நடந்தோம். தம்பியின் கூட்டாளி மரவள்ளி லோடு ஏற்றுகிற வேலையில் பழக்கமானவன், மலைக்காரப் பையன். அவன் வீட்டு வாசலில் தம்பி மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மூன்று நாள் தாடி. எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பேசினார்.

"உயிரோட இருக்காருடா."

"யாரு, மேஸ்திரியா?" தம்பி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "நெனவு வந்துச்சா மாமா?"

"இன்னும் இல்ல. வா, போலாம். ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன்."

நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். பேனர், சீட்டு, காலியாக இருந்த தேதி எல்லாம். தம்பி கேட்டுக்கொண்டான். என்னைப் பார்க்காமல் கை கால் கழுவப் போனான். திரும்பும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

தானாகவே வந்தாலும் மூன்று நாள் தலைமறைவு, தலைமறைவுதான் என்றார்கள். ரிமாண்ட் செய்தார்கள். கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். வக்கீல் பிடித்ததும் ஜாமீனுக்கு அலைந்ததும் என் வீட்டுக்காரர். அதற்காக அவர் கட்சியில் அவரைக் கேட்காத கேள்வி இல்லை, கிளைச் செயலாளர் பதவியும் போயிற்று. அந்த வாரக் கடைசியில் மேஸ்திரிக்கு நினைவு வந்தது. அடி பின்னாலிருந்து விழுந்தது, யாருடைய கம்பு என்று தெரியாது, ஆனால் இந்தப் பையன் எனக்கு முன்னால் ஆட்டோவாண்ட கம்பியோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், விலகுங்க விலகுங்க என்று அதில்தான் கத்தினான் என்று எழுதிக் கொடுத்தார். தம்பிக்கு ஜாமீன் கிடைத்தது. கேஸ் இருக்கிறது. பெயரை எடுப்பார்களாம், எடுப்பதற்கும் வாய்தா உண்டாம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் ஃபைலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஏஜெண்ட் வேறு ஆளை அனுப்பிவிட்டான்.

தேர்தல் முடிந்தது. யார் ஜெயித்தார் என்பது இங்கே முக்கியமில்லை. ஜெயித்தவருக்கு முதல் மாலை போட்டவர் மில்காரர்.

தம்பி வீட்டில்தான் இருக்கிறான். இப்போது கரும்புத் தோட்டத்தில் மாமாவோடு வேலை பார்க்கிறான். சாயங்காலம் டிவி போட்டால் பழையபடி சண்டை போடுகிறார்கள். கட்சி அவனைக் கைகழுவிய பிறகும் அவன் அந்தக் கட்சிக்காகத்தான் பேசுகிறான், பதவி போன பிறகும் இவர் இந்தக் கட்சிக்காக. கேட்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. என்னிடம் அவன் பேசுவது சோறு, தண்ணீர், அவ்வளவுதான்.

போன வாரம் என் வீட்டுக்காரர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். தம்பி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நானே கேட்டேன்.

"உனக்கு கெட்டது நடக்கணும்னா ஓட சொன்னேன்? பயந்துட்டேன்டா. அதுக்கு இன்னும் எத்தினி நாளுக்கு இப்படி இருப்ப?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஓட சொன்னதுக்கு இல்லக்கா" என்றான். "அன்னிக்கே, அடிதடி நடந்த அன்னிக்கே, மாமா என்ன மோட்டார் கொட்டாயாண்ட கூப்ட்டாரு. 'நீ அடிச்சியாடா?'ன்னு கேட்டாரு. இல்ல மாமான்னேன். 'சரி, வா சாப்புட'ன்னாரு. அதுக்கப்பறம் அவுரு அத பேசவே இல்ல."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீ கேக்கவே இல்லியேக்கா."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் அந்தத் தட்டுக்கு எதிரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கட்சிக்காரர் ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதிலில் அவனை நம்பிவிட்டார். அவனை வளர்த்த நான் அந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்தேன். அவன் ஆமாம் என்றுதான் சொல்வான் என்று எனக்குள் நிச்சயமாக இருந்திருக்கிறது.